ராஜாஜி உண்மையிலேயே பழமைவாதியா?

ஒருவர் ராஜகோபாலாச்சாரியாரை எந்தப் பெயரால் குறிப்பிடுகிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் பக்கம் என்று தமிழ்நாட்டில் சொல்லிவிடலாம். மூதறிஞர் என்றால் ஒரு பக்கம், ஆச்சாரியார் என்றால் இன்னொரு பக்கம். குல்லுகப் பட்டர் என்பது திராவிட இயக்க மேடைகள் அவருக்கு வைத்த பெயர். வடக்கே அவர் வெறும் சி.ஆர். இந்த எல்லாப் பக்கத்தாரும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்று உண்டு: அவர் பழமைவாதி. வேண்டியவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள், வேண்டாதவர்கள் குற்றச்சாட்டாகச் சொன்னார்கள். எனக்கு அந்த ஒருமித்த தீர்ப்பில்தான் சந்தேகம்.

அந்தத் தீர்ப்பு நேற்று வந்ததில்லை. 1937இல் அவர் சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர்) இருந்தபோது ஆளுநராக இருந்தவர் எர்ஸ்கின் பிரபு. அவரே பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் கட்சிக்காரர். வைஸ்ராய்க்கு எழுதும்போது, ராஜாஜி தன்னையும் மிஞ்சிய பழமைவாதி என்கிறார். நானாவது இருபது வருடம் பின்னால் போக நினைப்பேன், இவர் இரண்டாயிரம் வருடம் பின்னால் போய் அசோகர் காலம் போல நாட்டை நடத்தப் பார்க்கிறார் என்பது அவர் சொன்னதன் சாரம். இந்த வரியை நிறையப் பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டாயிரம் வருடம் பின்னால் போக நினைப்பவருக்குப் பெயர் பழமைவாதியா என்று யாரும் நின்று கேட்பதில்லை.

தமிழில் அந்தச் சொல்லே ஏறக்குறைய வசைச்சொல்லாகத்தான் புழங்குகிறது. சாதி, சடங்கு, பிற்போக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். அரசியல் சிந்தனையில் அதற்கு வேறொரு பொருள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்து அஞ்சிய பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கிடமிருந்து தொடங்கும் மரபு அது. ஒரு சமூகம் பல தலைமுறைகளாகக் கட்டியெழுப்பியதை ஒரு தலைமுறையின் புத்திசாலித்தனம் ஒரே நாளில் பிரித்துப்போடக் கூடாது. மாற்றம் வேண்டும், ஆனால் மெல்ல வரவேண்டும், ஆட்களின் சம்மதத்தோடு வரவேண்டும். எவ்வளவு நல்லவர் கையிலும் அதிகாரம் குவியக் கூடாது. குடும்பம், ஊர், சொத்து, வழிபாடு ஆகியவற்றுக்குள் அரசு தலையை நுழைக்கக் கூடாது. சுருக்கமாக இவ்வளவுதான்.

இதை வைத்துப் பார்த்தால் ஒரு தலைவரை அளக்க இரண்டு கேள்விகள் வருகின்றன. எதைக் காக்க நினைத்தார்? எப்படி மாற்றினார்? நம் ஊர் விவாதமெல்லாம் முதல் கேள்வியிலேயே நின்றுபோகிறது. எனக்கு இரண்டாவதுதான் உரைகல். பழையதைக் காக்கிறேன் என்று சொல்லி ஓர் இரவில் உத்தரவு போடுகிறவர், புதியதைக் கொண்டுவருகிறேன் என்று ஓர் இரவில் உத்தரவு போடுகிறவரின் உடன்பிறப்பு.

ராஜாஜிக்குச் சாதகமான பக்கத்திலிருந்தே தொடங்குவோம். 1957 வாக்கில் அவர் ஒரு கருத்தை எழுதத் தொடங்கினார். காங்கிரஸ் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, அதற்கு எதிர்க்கட்சியாக இன்னும் தீவிரமான இடதுசாரி தேவையில்லை, வலுவாகவும் தெளிவாகவும் பேசும் ஒரு வலதுசாரி வேண்டும் என்பது அது. வலதுசாரி என்ற சொல்லை அன்றைய இந்தியாவில் யாரும் தன் மேல் போட்டுக்கொள்ளத் துணியவில்லை. 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. அந்த ஜூன் மாதமே சென்னையில் சுதந்திரா கட்சி அறிவிக்கப்பட்டது. அவருக்கு அப்போது 80 வயது. கவர்னர் ஜெனரல் பதவி, பாரத ரத்னா எல்லாம் பார்த்து முடித்த மனிதர், எண்பதில் புதுக்கட்சி தொடங்குகிறார்.

பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ் என்று அவர் சொன்னது வெறும் கோஷமாக இன்று காதில் விழலாம். அன்று அது அன்றாட வாழ்க்கை. ஒரு ஆலை முதலாளி இன்னொரு இயந்திரம் போட வேண்டுமா? 1951 தொழில் சட்டத்தின்படி லைசென்ஸ் வேண்டும். இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வர இறக்குமதி லைசென்ஸ், அதற்கு அந்நியச் செலாவணி அனுமதி. பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட டெல்லியில் இன்னொரு கையெழுத்து. முதலாளியை விடுங்கள். சொந்தமாக வீடு கட்டுகிற பள்ளி ஆசிரியர் சிமென்ட் மூட்டைக்குப் பெர்மிட் வாங்கத் தாலுகா அலுவலகத்தில் நின்ற காலம் அது. ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு லஞ்சத்துக்கான வாசல் என்றும், லைசென்ஸ் வாங்குகிற முதலாளி ஆளும் கட்சிக்குத் தேர்தல் நிதி கொடுத்தே தீருவார் என்றும் ராஜாஜி வாராவாரம் எழுதினார். முதலாளிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. போட்டியிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளவே அவர்கள் இந்தக் கட்டுப்பாட்டை விரும்புகிறார்கள் என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

ஜமீன்தார்களும் கோட்டைகளும் இருந்த இடைக்காலத்தைச் சேர்ந்த கட்சி என்று நேரு அதை ஒதுக்கினார். அதில் உண்மை இல்லாமலில்லை. ஜெய்ப்பூர் காயத்ரி தேவி, பீகாரில் ராம்கர் ராஜா என்று சமஸ்தானச் செல்வாக்கு கட்சிக்கு இருந்தது. ஆனால் அதே கட்சியில் ஆந்திர விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்கா இருந்தார், சோஷலிஸ்டாகத் தொடங்கித் தாராளவாதியான மினூ மசானி இருந்தார், கே.எம். முன்ஷி இருந்தார். 1967இல் 44 இடங்களோடு மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியானது. மேலே சொன்ன வரையறையை வைத்து இந்த ராஜாஜியை நிறுத்தினால் எல்லாம் பொருந்துகிறது. அதிகாரக் குவிப்பின் மேல் ஐயம், சொத்துரிமை, சிறு விவசாயியின் நிலம், தர்மம் என்ற சொல்லின் மேல் நம்பிக்கை, எதுவும் குறைவில்லை.

இந்த ராஜாஜி கையில் அரசாங்கம் இல்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்கம் கையில் இருந்த ராஜாஜியைப் பார்ப்போம். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அது அவருக்கு அரசியல் கணக்கு இல்லை, உயிர்மூச்சு. 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்து, கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்துவிட்டு வரும் நெசவாளிகளின் வீடுகளை அருகிலிருந்து பார்த்தவர். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று பத்திரிகை நடத்தியவர். குடும்பத்தைக் காக்கிற நோக்கம் என்று அதைப் பழமைவாதத்துக்குள் கொண்டுவரலாம். ஆனால் கருவி எது? சட்டம், போலீஸ், சிறை. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவில் அப்படியொரு வரி அதுதான் முதல். பிற்காலத்தில் அரசு கடைக்காரனின் கல்லாவில் கை வைக்கக் கூடாது என்று முழங்கியவர்தான் அந்தக் கையை முதலில் நீட்டினார்.

இந்தி விஷயம் இன்னும் கடுமையானது. 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயமானது. கேட்டது யார்? ஊர்களில் யாரும் கேட்கவில்லை. எதிர்த்தவர்கள் மேல் கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம் பாய்ந்தது. வெள்ளைக்காரன் காங்கிரஸ்காரர்கள் மேல் ஏவியபோது கொடுங்கோன்மை என்று காங்கிரசே கண்டித்த சட்டம் அது. ஆயிரத்துக்கும் மேல் கைதானார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்தபோதே இறந்தார்கள். ராஜாஜி அமைச்சரவை விலகிய பின் 1940இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது ஆளுநர் எர்ஸ்கின் ஆட்சி. ஒரு மாகாணத்தின் பிள்ளைகள் மேல் புதுமொழி ஒன்றை அரசாணையால் ஏற்றுவது பழமை பேணுதல் ஆகாது. தேசத்தை இப்படி வார்க்கலாம் என்று நம்புகிற திட்டக்காரரின் செயல் அது.

நான் மேலே சொன்ன உரைகல்லில் ராஜாஜி மின்னிய இடமும் அதே ஆண்டுகளில்தான் இருக்கிறது. 1939 ஜூலை 8, மதுரை மீனாட்சியம்மன் கோயில். வழக்கறிஞர் அ. வைத்தியநாதய்யர், அதுவரை உள்ளே விடப்படாத தாழ்த்தப்பட்டோர் அடங்கிய ஒரு சிறு குழுவை அழைத்துக்கொண்டு உள்ளே போகிறார். பின்னாளில் அமைச்சரான கக்கன் அந்தக் குழுவில் ஒருவர். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூஜை செய்ய மறுக்கிறார்கள், வழக்குத் தொடுப்போம் என்று மிரட்டல் வருகிறது. ராஜாஜி அரசு உடனே ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, நுழைந்தவர்களுக்கும் அனுமதித்தவர்களுக்கும் பாதுகாப்பு கொடுக்கிறது. முதலில் ஊர், பிறகு சட்டம். அதற்கு முன் பல வருடம், தீண்டாமை ஒழிப்புக்காகக் காந்தி தொடங்கிய ஹரிஜன சேவா சங்கத்தார் தெருத்தெருவாகப் பேசி, கையெழுத்து வாங்கி, மனங்களைப் பதப்படுத்தியிருந்தார்கள். சட்டம் கதவை உடைக்கவில்லை, திறந்த கதவு மறுபடி மூடாமல் பிடித்துக்கொண்டது.

அவர் வீட்டிலும் இதே முறைதான். மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் மணக்க விரும்பியபோது இரண்டு தந்தையரும் சில ஆண்டு பொறுத்திருக்கச் சொன்னார்கள். பொறுத்த பின்னும் மனம் மாறாததால் 1933இல் சாதி கடந்த அந்தத் திருமணம் நடந்தது. காலத்தால் சோதித்துவிட்டு மாற்றத்தை ஏற்பது என்றால் இதுதான்.

இந்த இடத்தில் ஒன்றை மறைத்தால் நேர்மையாகாது. மதுரைக்கு ஒரு வருடம் முன்னால், 1938இல், தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். மாகாணம் முழுவதற்குமான மசோதா. ராஜாஜி அதை எதிர்த்துப் பேசினார், மசோதா தோற்றது. அவர் பக்கத்துக் கணக்கு, இன்னும் நேரம் வரவில்லை, முதலில் மலபாரில் பார்ப்போம் என்பது. நேரம் வரவில்லை என்பதை யார் தீர்மானிப்பது? வாசலுக்கு உள்ளே நிற்பவருக்குப் பொறுமை எளிது. வெளியே நிற்பவர் ஏற்கெனவே பல நூற்றாண்டு பொறுத்தவர். மெல்லப் போவோம் என்ற கொள்கையின் ஆறாத புண் இது. இந்தியாவில் காலங்காலமாக வந்தது என்ற பட்டியலில் சாதியும் இருக்கிறது. பர்க்கின் இங்கிலாந்திலிருந்து எடுத்த அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால் அது சாதிக்கும் சேர்த்துக் காவல் நிற்கும். ராஜாஜி தீண்டாமையை அந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். குலத்தொழிலை அடிக்கவில்லை. 1953இல் அவர் விழுந்தது அங்கேதான்.

அந்தக் கதைக்கு 1952இலிருந்து வர வேண்டும். முதல் பொதுத்தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகள் சேர்ந்த கூட்டணி ஆட்சிக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் ராஜாஜியைக் கூப்பிட்டார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. கலை, இலக்கியம், சமூக சேவை போன்றவற்றில் சிறந்தவர்களுக்கென்று மேலவையில் இருந்த நியமன இடம் ஒன்றில் ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை உட்காரவைத்தார். நியமன உறுப்பினர் முதலமைச்சரானார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து அப்போது இரண்டு வருடம்தான். மரபுகள் உருவாகிக்கொண்டிருந்த நேரம். மரபின் அருமை தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் அந்த வழியாக உள்ளே வந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்குப் பின் வந்த காமராஜர் மேலவைப் பக்கமே போகாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துச் சட்டமன்றத்துக்கு வந்தார். இந்த ஒரு விஷயத்தில் காமராஜர்தான் பழமைவாதி.

முதல் வருடம் நன்றாகவே போனது. 1952 ஜூனில் ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார், பயந்தபடி பஞ்சம் வரவில்லை. ஆகஸ்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புக்கு அவசரச் சட்டம் போட்டார். மிராசுதாரர்கள் முணுமுணுத்தார்கள். நிலவுடைமை முழுவதும் புரட்சியில் போகாமலிருக்கக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது தேர்ந்த பழமைவாதியின் கணக்கு.

அடுத்த வருடம் ஜூனில் வந்தது புதிய ஆரம்பக் கல்வித் திட்டம். நாடு அதைக் குலக்கல்வித் திட்டம் என்றே நினைவில் வைத்திருக்கிறது. ஒரு கிராமத்துப் பள்ளியில் அது எப்படி நடந்திருக்கும் என்று பாருங்கள். பள்ளி நேரம் மூன்று மணி. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். அதே வாத்தியார், அதே கட்டடம், இரண்டு மடங்கு பிள்ளைகள். காலையில் படித்த பையன் மதியம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் தொழில் கற்க வேண்டும். தச்சன் மகன் உளியைப் பிடிப்பான், குயவன் மகன் சக்கரத்துக்கு உட்காருவான். பெண்பிள்ளை அம்மாவோடு வீட்டுவேலை. அப்பாவுக்குத் தொழில் இல்லையென்றால் ஊரில் தொழில் தெரிந்தவரிடம் சேர்த்துவிடலாம். கிராமங்களுக்கு மட்டும்தான் இது. நகரத்துப் பிள்ளைக்கு முழுநாள் பள்ளி.

காசில்லை என்பது உண்மை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி என்று அரசியலமைப்பு சொன்னது, கட்டடமும் ஆசிரியரும் போதவில்லை. அரைநாள் முறை அந்த நெருக்கடிக்கு ஒரு விடை. மீதி அரைநாளை வெறுமனே விட்டிருந்தால் கூட இந்த அளவு தீப்பிடித்திருக்காது. அந்த அரைநாளை அப்பாவின் தொழிலோடு கட்டிப்போட்டதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. சலவைத் தொழிலாளி மகனும் முடிதிருத்துபவர் மகனும் மலம் அள்ளுபவர் மகனும் அந்த மதியத்தில் எதைக் கற்பார்கள்? இந்தக் கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. பெரியாரும் அண்ணாவும் அதைத் தெருத்தெருவாகக் கேட்டார்கள். ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்காக.

இதைப் பழமைவாதத்தின் உச்சம் என்று இரண்டு பக்கத்தாரும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குலத்தொழில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது உண்மைதான். அதை நடத்தியது குடும்பம். அரசாணையும் மூன்று மணி நேர அட்டவணையும் கல்வி இலாகாவும் அதை நடத்தியதில்லை. ராஜாஜி செய்தது, குடும்பத்தின் கையில் இருந்த ஒன்றை எடுத்து அரசின் பாடத்திட்டத்தில் சேர்த்தது. அதையும் சட்டமன்றத்தில் பேசாமல், கட்சியைக் கேட்காமல், ஆசிரியர்களைக் கேட்காமல் செய்தார். ஒரு ஜில்லாவில் ஒரு வருடம் நடத்திப் பார்க்கக்கூட இல்லை. மதுரைக் கோயில் வாசலில் அவ்வளவு காத்திருந்தவர் பள்ளிக்கூட வாசலில் ஒரு கோடை விடுமுறைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஊர் தானாகவே அந்தக் குலத்தொழிலை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. நெசவாளி மகன் கிளார்க் ஆக ஆசைப்பட்டான், அவன் அப்பனும் அதற்குத்தான் ஆசைப்பட்டான். அந்த ஆசையை எதிர்த்து ஒரு கிராமத்தை வரைபடத்தில் போட்டுக் கட்டுவதற்கும், கூட்டுப் பண்ணையை வரைபடத்தில் போட்டுக் கட்டுவதற்கும் உள்ள தூரம் குறைவு. ஆறு வருடம் கழித்து நாக்பூர்த் தீர்மானத்தின் மேல் அவர் வைத்த ஒவ்வொரு குறையும் அவருடைய 1953 உத்தரவுக்கும் பொருந்தும்.

காங்கிரசுக்குள்ளேயே கிளர்ச்சி எழுந்தது. திட்டம் நிபுணர் குழுவுக்குப் போனது. 1954 ஏப்ரலில் அவர் விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போனது.

பதவி போன பிறகு மெல்ல மெல்ல அந்தப் பழைய நிதானம் திரும்பியது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தியே ஆட்சிமொழி என்ற ஏற்பாட்டை எதிர்த்து, இருக்கிற ஆங்கிலத்தை ஏன் கலைக்க வேண்டும், ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார். 1938இல் அவரிடம் கேட்கப்பட்டதும் அதே கேள்விதான். 1962 செப்டம்பரில், 83 வயதில், வாஷிங்டனுக்குப் போய் கென்னடியைப் பார்த்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். ஒருமுறை செய்துவிட்டால் திருப்ப முடியாததைச் செய்யாதே என்பதை விடப் பெரிய பழமைவாத வேண்டுகோள் எது? 1967இல் தன்னைக் குல்லுகப் பட்டர் என்று ஏசிய தி.மு.க.வோடு கூட்டு வைத்தார். ஒரு கட்சியின் இருபது வருடப் பிடி தளர்ந்தால் போதும் என்பது அவர் கணக்கு. சித்தாந்தத்தை விட அதிகாரச் சமநிலை முக்கியம் என்று நினைக்கிறவரால் மட்டும்தான் அப்படிச் செய்ய முடியும். 1971 தேர்தலில் அதே தி.மு.க.வுக்கு எதிராகக் காமராஜரோடே கைகோத்தார்.

1971 ஆகஸ்டில் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. நிதி நெருக்கடி என்றது அரசு. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவிய சட்டம் அது. 34 வருடத்தில் அது சட்டமாக இருந்தது, ஊரின் பழக்கமாக ஆகவில்லை. ராஜாஜிக்கு அப்போது 92 வயது. முதல்வரின் வீட்டுக்கே நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அரிசியை விடு, சிமென்டை விடு, நிலத்தை விடு என்று அரசிடம் பன்னிரண்டு வருடம் சொல்லிவந்தவர், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதே என்று கேட்டார். கள்ளுக்கடைகள் திறந்தன. அடுத்த வருடம் டிசம்பர் 25 அன்று அவர் காலமானார்.